ரயில் போகிறது, வர்ணனை கேட்கவில்லை

“ஒருத்தர் எங்க இருக்கிறார் எண்டு, கேக்காமல் கேக்கிறதுக்கு இங்கிலீசில ஏதும் வழி இருக்கே பிள்ளை?”

பாலேஸ்வரி அன்ரி இதைக் கேட்டது 2007இல். கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி. அவர் இரண்டாம் மாடி, நாங்கள் மூன்றாம் மாடி. அவருடைய கணினித் திரையில் ஏதோ விளம்பரம் மூட மூட முளைக்கிறதென்று என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் அதை மூடிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று இப்படிக் கேட்டார்.

ஆரைக் கேட்கப்போகிறீர்கள் என்றேன்.

நடுவரை என்றார்.

நடுவர் என்பவரை எனக்கு அவர் சொல்லித் தெரியும். ‘ஒன்றுகூடல்’ என்ற இணையத்தளத்தில் அன்ரியோடு சேர்ந்து கிரிக்கெட் எழுதுகிறவர். நடுவர் என்பது அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர். அன்ரி அங்கே கௌரி. நடுவர் ரொறன்ரோவில் இருக்கிறார் என்றுதானே போட்டிருக்கிறது என்று சொன்னேன்.

“போட்டிருக்குத்தான். கௌரி மெல்பேர்ன் எண்டும்தானே போட்டிருக்கு.”

பிறகு நடந்ததைச் சொன்னார். முந்திய கிழமை ஓர் ஆட்டத்தின் நடுவில் எங்கள் உள்ளூர் தொலைக்காட்சி செய்திக்குப் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு விக்கெட் விழுந்திருந்தது. எப்படி விழுந்தது என்று அன்ரிக்குத் தெரியாது. “நடுவர், என்ன நடந்தது?” என்று எழுதி அனுப்பினார். அனுப்பிய கையோடு திரையைப் பார்த்தால், அவருடைய கேள்விக்கு மேலேயே நடுவரின் கேள்வி நின்றது. “கௌரி, என்ன நடந்தது?”

அவருடைய ரீவியும் பழுதாகியிருக்கும் என்றேன்.

“அதே நேரத்துக்கோ? அதே ரெண்டு விக்கெட்டுக்கோ? ரொறன்ரோவில என்ன, எங்கட செய்தியே போகுது?”

அப்படியானால் நேரே கேளுங்களேன் என்றேன். அன்ரி என் பக்கத்தில் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“இந்தக் காலத்தில என்னட்டை ஆரும் ‘எங்க இருக்கிறீங்கள்’ எண்டு கேட்டா நான் என்ன செய்வன் தெரியுமே? கணினியை நிப்பாட்டிப்போட்டுப் படுப்பன். பிறகு அந்தப் பக்கமே போகன். அவரும் அதைத்தான் செய்வார். கேட்டனெண்டா ஆளை விட்டிடுவன் பிள்ளை. கேக்காட்டியும் விட்டிடுவன் போல கிடக்கு.”

ஆங்கிலத்தில் அப்படி ஒரு வழி எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டேன். ரெண்டு பாஷை படிப்பித்து என்ன கண்டது உன்ர கொம்மா என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்து போனார்.

பாலேஸ்வரி அன்ரி கொக்குவிலில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் படித்துக்கொண்டு கொழும்புக்கு வந்து, கோட்டைப் பகுதியில் தேயிலை ஏற்றுமதி செய்கிற ஒரு கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தார். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அகதியாகக் கப்பலேறி ஊருக்குப் போனார். அடுத்த வருடமே திரும்பி வந்து அதே மேசையில் இருந்தார். கணவர் பாலசுந்தரம் மாமா தொண்ணூற்றைந்தில் மாரடைப்பால் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. தம்பியின் மகன் மெல்பேர்னில் இருக்கிறான். அன்ரியின் மெல்பேர்ன் அவனிடமிருந்து எடுத்தது.

கிரிக்கெட் அவருக்கு வந்த வழி விசித்திரமானது. கொம்பனி முதலாளிக்குக் கிரிக்கெட் பைத்தியம். ஆட்டம் நடக்கும் நாளில் கூட்டமும் இருந்தால், அன்ரியை வானொலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவார். வர்ணனையாளர் சொல்லச் சொல்ல அன்ரி ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுத வேண்டும். கூட்டம் முடிந்து வந்ததும் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருக்க, அன்ரி பந்து பந்தாக வாசிக்க வேண்டும். முதல் இரண்டு வருடமும் ஒன்றும் விளங்காமலே எழுதியதாகச் சொல்வார். மூன்றாம் வருடம், ஒருநாள் வாசித்துக்கொண்டு போகும்போது, அந்தத் துடுப்பாட்டக்காரர் அந்தப் பந்தை விட்டிருக்க வேண்டும் என்று அவருக்கே தோன்றிவிட்டது. அதைச் சொல்லியும்விட்டார். முதலாளி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மிச்சத்தையும் வாசி என்றாராம்.

அதனால் 2000ஆம் ஆண்டில், ஓய்வு பெற்ற கையோடு, அந்த மருமகன் அனுப்பிய காசில் கணினி வாங்கி ‘ஒன்றுகூடல்’ தளத்துக்குள் போனபோது அவர் என்ன செய்ய வேண்டுமென்று யோசிக்கத் தேவைப்படவில்லை. அந்த நாளில் அந்தத் தளம் ஒரு சந்தை மாதிரி. செய்தி, மரண அறிவித்தல், மணமகன் தேவை, பாட்டு, சமையல், சண்டை எல்லாம் அங்கே. கனடாவிலும் நோர்வேயிலும் சுவிஸிலும் இருந்த எங்கள் சனம் காலையில் பல் துலக்க முதல் அதைத்தான் திறந்தது. அதில் கிரிக்கெட்டுக்கு ஒரு மூலை. அன்ரி அங்கே போய் ‘பந்துக்குப் பந்து’ என்று ஒரு பக்கத்தைத் தொடங்கினார். தொலைக்காட்சி இல்லாத வேலைத்தலங்களில் இருந்தவர்களுக்கு, பத்து விரலாலும் தட்டுகிற ஒருவர் தமிழில் நேர்முக வர்ணனை எழுதுவது பெரிய காரியம். ஓர் ஓவர் முடிய முதல் இருபது பேர் மறுமொழி எழுதுவார்கள். அவர்களில் ஒருவராக வந்தவர்தான் நடுவர். அன்ரி எழுதியதில் பிழை பிடிப்பதற்காக வந்தவர். பந்து கால்காப்பில் பட்டதா மட்டையில் பட்டதா என்பதில் முதல் நாளே கொளுவல்.

ஏன் மெல்பேர்ன் என்று ஒருமுறை கேட்டேன். கொழும்பில் இருந்துகொண்டு கொழும்பு என்று போடுவதற்கு விசர் பிடித்திருக்க வேண்டும் என்றார். எங்கள் தொடர்மாடியில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்து, பதிந்த துண்டை அடையாள அட்டையோடு வைத்துக்கொண்டு திரிகிற காலம். தளத்திலும் யார் என்ன எழுதுவார்கள், யார் வந்து வாசிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் மெல்பேர்ன். ஆனால் அன்ரி எதையும் அரைகுறையாகச் செய்கிறவரில்லை. எழுதத் தொடங்குமுன் மெல்பேர்னில் அன்று குளிரா வெயிலா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். வெள்ளவத்தையில் முதுகில் வேர்வை ஓட, “இங்கே போர்வைக்குள் இருந்துதான் தட்டச்சு செய்கிறேன்” என்று எழுதியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நடுவருக்கும் சிரமம்தான். எங்கள் பகல் ஆட்டம் ரொறன்ரோவில் நடுச்சாமம். ஆகவே தான் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் இரவுக் காவல் வேலை பார்ப்பதாகவும், காவல் அறையில் ஒரு சின்னத் தொலைக்காட்சி இருப்பதாகவும் எழுதியிருந்தார். ஏழு வருடமாக ஒரு நாள்கூட அவருக்குப் பகல் வேலை கிடைக்கவில்லை. பாவம் மனிசன், முதலாளிமார் எவ்வளவு கொடுமைக்காரர் என்று அன்ரி அவருக்காக இரங்கியும் இருக்கிறார்.

தளம் தேயத் தொடங்கியது எப்போது என்று திட்டமாகச் சொல்ல முடியாது. மரண அறிவித்தலுக்கு வேறு தளங்கள் வந்தன. பாட்டுகளை அழுத்தினால் ஒன்றும் பாடவில்லை. 2006இல் நாட்டில் சண்டை திரும்பத் தொடங்கியபோது அங்கே எழுதியவர்களும் இரண்டாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் வைதுவிட்டு, பிறகு இரண்டு பகுதியும் வேறு இடங்களுக்குப் போய்விட்டன. முகப்பில் தைப்பொங்கல் வாழ்த்து ஆவணி மாதத்திலும் பொங்கிக்கொண்டு நின்றது. கிரிக்கெட் மூலைக்கு வந்தவர்களும் குறைந்தார்கள். ஓட்டங்களைக் கண நேரத்தில் காட்டும் ஆங்கிலத் தளங்கள் இருக்கும்போது பாலேஸ்வரி அன்ரியின் பத்து விரல் போதாது. இருபது பேர் ஏழு பேராகி, மூன்று பேராகி, ஒரு கட்டத்தில் கௌரியும் நடுவரும் மட்டும் மிஞ்சினார்கள்.

அன்ரி அதற்காகக் கவலைப்பட்டதாக நான் சொல்ல மாட்டேன். கூட்டம் குறைந்தபின் கதைக்க வசதி என்பார். விக்கெட் விழாத ஓவர்களில் அவர்கள் வேறு எழுதுவார்கள். வெண்டைக்காயை வழுவழுப்பில்லாமல் எப்படி வதக்குவது, முழங்கால் நோவுக்கு எந்த எண்ணெய். செய்தித் தளமாக, சந்தையாக இருந்ததை விட்டு அவர் எப்போதோ விலகிவிட்டார். மற்றப் பக்கங்களைத் திறப்பதே இல்லை. தெருவெல்லாம் பூட்டிக் கிடக்கிற ஊரில் ஒரு வீட்டுக்கு மட்டும் போய்வருகிற மாதிரி, நேரே ‘பந்துக்குப் பந்து’வுக்குப் போய், நடுவரோடு இருந்துவிட்டு வந்துவிடுவார்.

அப்படியிருக்கையில்தான் தளம் ஒரு கிழமை, ஏழு நாளும், திறக்கவில்லை. திறந்தபோது பழைய பக்கங்களில் பாதி காணாமல் போயிருந்தது. தனிப்பட்ட செய்தி அனுப்பும் பெட்டியும் வேலை செய்யவில்லை. நடுவரின் மின்னஞ்சல் முகவரி அன்ரியிடம் இல்லை. ஏழு வருடத்தில் கேட்கத் தோன்றவில்லை. அடுத்த முறை தளம் மூடினால் திறக்குமோ தெரியாது. திறக்காவிட்டால், தினம் கதைத்த ஒரு மனிதரை எங்கே போய்த் தேடுவதென்று அவருக்குத் தெரியாது. கேட்பதானால் எல்லோரும் பார்க்கக்கூடிய அந்தப் பக்கத்திலேதான் கேட்க வேண்டும். அதற்குத்தான் கேட்காமல் கேட்கும் வழி.

என்னிடம் வழி இல்லையென்று தெரிந்தபின் அவரே ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த நாட்களில் உள்ளூர் தொலைக்காட்சியில் ஓவருக்கு ஓவர் ஒரு கறித்தூள் விளம்பரம் போகும். மாமியார் ஒருத்தி மருமகள் வைத்த கறியை ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு அப்படியே கண்ணை மூடுவாள். அவ்வளவுதான் விளம்பரம். இலங்கைக்கு வெளியே யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது. அடுத்த ஆட்டத்தில், ஓவர் முடிவில், அன்ரி எழுதினார்: “அந்த மாமி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.”

மறுமொழி வரவில்லை. அந்த ஓவருக்கும் இல்லை, அடுத்த ஓவருக்கும் இல்லை. நடுவர் அந்த ஆட்டம் முழுக்க ஒன்றும் எழுதவில்லை. அடுத்த ஆட்டத்திலும் அவர் இல்லை.

நான் அந்த நாட்களில் மாலையில் அன்ரி வீட்டுக்குப் போய்வருவேன். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். ஆனால் ஆட்டமில்லாத நாளிலும் கணினி திறந்திருக்கும். ஆட்ட நாளொன்றில் நான் போனபோது, தன் பாட்டுக்கு ஓவர் ஓவராக எழுதிக்கொண்டிருந்தார், ஒருவரும் பதில் சொல்லாத பக்கத்தில். ஏன் அன்ரி என்றேன். அவர் வந்து பார்க்கும்போது இடையில் விட்டிருந்தால் நல்லாயிராது என்றார். பிறகு, பயப்படுத்திப்போட்டன் பிள்ளை, எனக்கு வாய் சும்மா இராது என்றார்.

அந்தக் கிழமை, எங்களுக்கு அடுத்த தெஹிவளையில், பொலிஸ் லொட்ஜ்களைச் சுற்றிவளைத்துத் தமிழ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதாகப் பேப்பரில் வந்தது. அன்ரி அதை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். நடுவரோடு அதைச் சேர்த்துப் பார்க்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் சேர்த்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அன்று அவர் சாப்பிடவில்லை.

நடுவர் திரும்பி வந்தது மூன்றாவது ஆட்டத்தில். ஏன் வரவில்லை, எங்கே போனார் என்று ஒரு வார்த்தை இல்லை. ஓர் ஓவர் முடிந்த இடைவெளியில் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. “கண்ணைத் திறந்தால் சம்பளம் தரமாட்டார்களாம்.”

அன்ரி என்னை மேலே வந்து கூப்பிடவில்லை. கீழேயிருந்து தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையில், அதாவது எங்கள் வீட்டு நிலத்தில், இடித்தார்.

அதற்குப் பிறகு இருவரும் அவசரப்படவில்லை. இலங்கைக்குள் என்று தெரிந்துவிட்டது; இலங்கை பெரிய இடம். இடத்தின் பெயரை யாரும் எழுதத் துணியவில்லை. அதைச் சொன்னது ரயில்.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். ரயில் போனால் தொலைக்காட்சிச் சத்தம் கேட்காது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் ஆட்டத்தில் அன்ரி மெல்பேர்னை மறந்து எழுதிவிட்டார்: “ரயில் போகிறது, வர்ணனை கேட்கவில்லை.” எழுதிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நானும் அன்று பக்கத்தில் இருந்தேன். இரண்டு மூன்று பந்து போனது. நடுவர் எழுதினார்: “இப்போது எனக்கும் கேட்கவில்லை.”

அன்ரி கையைத் தட்டுப்பலகையில் இருந்து எடுத்துவிட்டார். அந்த ரயில் கோட்டையிலிருந்து வந்து தெற்கே போகிற ரயில். எங்களைத் தாண்டிப் போய் அடுத்ததாக நிற்பது தெஹிவளையில். அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் நடுவர் எழுதினார்: “மறுபடியும் கேட்கவில்லை.” எங்களுக்கு எந்தச் சத்தமும் இல்லை. அன்ரி பல்கனிக் கதவைத் திறந்து வைத்தார். ஓவரின் கடைசிப் பந்தை வீசுகையில் தெற்கேயிருந்து, தெஹிவளைப் பக்கமிருந்து, கோட்டைக்குப் போகிற ரயில் கூவிக்கொண்டு வந்து எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போனது.

“ஏழு வருஷம். ஏழு வருஷமா மனிசன் தெஹிவளையில இருந்துகொண்டு எனக்குப் பனி கொட்டுது எண்டவர்” என்றார் அன்ரி. கோபம் இல்லை. தன்னுடைய போர்வையை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சிரிக்கத் தொடங்கி நெடுநேரம் நிறுத்த முடியாமல் இருந்தார்.

சந்திப்பை அந்தப் பக்கத்திலேயே எழுதிப் பேசிக்கொண்டார்கள், யார் வாசித்தாலும் ஒன்றும் பிடிபடாதபடி. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிபோல, எனக்குக் கேட்ட பிறகு உங்களுக்குக் கேட்கிற ரயிலில் வருவேன் என்று கௌரி எழுதினார். அது அடுத்ததாக நிற்கிற இடத்தில் நிற்பேன், நடுவர் போடுகிற மாதிரி வெள்ளைத் தொப்பி போட்டிருப்பேன் என்று நடுவர் எழுதினார்.

நானும் கூடப் போனேன். வந்து நிற்கப்போகிறவர் யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும் என்ற பயம் அன்ரிக்கும் இருந்தது. நான் மேடையின் மறுபக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆள் சரியில்லை என்றால் அன்ரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். உடனே நான் போய், அம்மா தேடுறா, அவசரம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

தெஹிவளை ஸ்டேஷனில் அலை மேடைக்குக் கிட்டவே அடிக்கும். அகன்ற விளிம்புள்ள வெள்ளைத் தொப்பியோடு அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண்மணி, கையில் ஒரு சாப்பாட்டுப் பை. அன்ரி நேரே அவர்களிடம் போனார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, அலைச் சத்தம். கொஞ்ச நேரத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

நான் பேப்பரை மடித்துக்கொண்டு ஓடினேன். அம்மா தேடுறா, அவசரம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அன்ரி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டதாம், ஏற்பாட்டையே மறந்துபோனார். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார், அன்ரியைப் பார்த்தார், உடனே விளங்கிக்கொண்டார்.

“அங்க ரிக்கற் எடுக்கிற எடத்தில நிக்கிறது எங்கட பாயிஸ்” என்றார். “என்ட தங்கச்சிட மகன். இவர் தொப்பிய கழட்டினா அவன் ஓடி வரணும். வாங்க, அவனையும் கூப்பிடுவம், பாவம் வெயில்ல நிக்கிறான்.”

நடுவரின் பெயர் ஸாலிஹ். ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் முற்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி நஸீமா. தன் கணவர் கணினியோடு தனியாகச் சிரிப்பதைப் பல வருடமாகப் பார்த்து, மெல்பேர்ன் கௌரி என்பவள் யார் என்று ஒரு கண் வைத்திருந்ததாக அவரே சொன்னார். கறித்தூள் விளம்பரத்தைப் பற்றி கௌரி எழுதியதும், யாரோ தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஸாலிஹ் கணினியின் வயரையே கழற்றி வைத்துவிட்டாராம். அதைத் திரும்பக் கொளுவச் சொன்னது நஸீமாதான். மாமியார் பகிடி விடுகிறவள் பொலிஸாக இருக்கமாட்டாள் என்றாராம்.

“ரொறன்ரோ என்னத்துக்கு?” என்று அன்ரி விடாமல் கேட்டார். “பயத்திலயோ?”

“பயமெல்லாம் இல்ல. நான் சேர்றப்ப நாடுன்ற எடத்தில கனடான்னுதான் இருந்திச்சி. அத மாத்தத் தெரியல்ல. பொறகு எல்லாரும் அங்க பனி எப்பிடின்னு கேக்கத் தொடங்கிட்டாங்க. மறுமொழி சொல்லாம இருக்க ஏலுமா?”

அடுத்த ஆட்டத்தை அன்ரி தெஹிவளையில் பார்த்தார். அதற்கடுத்ததை அவர்கள் வெள்ளவத்தையில். பிறகு பெரும்பாலும் தெஹிவளையில், ஏனென்றால் அங்கே தொலைக்காட்சி பெரிது, நஸீமாவின் கைப்பக்குவமும் பெரிது. அன்ரி வெள்ளிக்கிழமையில் மீனோ இறைச்சியோ மச்சம் எதுவும் சாப்பிடமாட்டார் என்று அவருக்குப் புறம்பாகப் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்து வைப்பார். இருவரும் நேரே கொளுவுகிற கொளுவலை நான் கேட்டிருக்கிறேன். எழுத்தில் இருந்த மரியாதை எல்லாம் போய்விட்டது. இந்த வயதில் உங்களுக்குக் கண் டொக்டர்தான் வேணும், தொப்பி இல்லை என்பார் அன்ரி. நஸீமாவுக்குக் கிரிக்கெட் பிடிக்காது. ஆனால் யார் சரி என்று கேட்டால் எப்போதும் அன்ரி பக்கம்.

தளத்துக்குப் போவது தானாக நின்றது. விட்டுவிட வேண்டும் என்று அன்ரி தீர்மானித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒருமுறை மழைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தபோது திறந்து மூன்று ஓவர் எழுதினார். எழுதிவிட்டு மறுமொழிக்காகப் பார்த்திருந்தார். பிறகு ரெலிபோனை எடுத்து ஸாலிஹிடமே நேரே கேட்டுவிட்டார், அந்தப் பிடி பிடியா இல்லையா என்று. அதற்குப் பிறகு திறக்கவில்லை. முகப்பில் இப்போது என்ன வாழ்த்து நிற்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அந்தத் தளத்தில் ஏழு வருடம் வாழ்ந்தவர், அதைப் பற்றிக் கதைக்கும்போது முன்பு வேலை செய்த கொம்பனியைப் பற்றிக் கதைக்கிற மாதிரி, நல்லாத்தான் வைச்சிருந்தவை என்பார்.

அடுத்த வருடத் தொடக்கத்தில், மருமகன் அனுப்பிய படங்களை எடுத்துத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அவருடைய மின்னஞ்சலைத் திறந்தபோது ‘ஒன்றுகூடல்’ தளத்திலிருந்து ஓர் அறிவித்தல் வந்து கிடந்தது. ‘பந்துக்குப் பந்து’வில் புதிதாக ஒருவர் எழுதியிருக்கிறார் என்று. விளம்பரமாக இருக்கும் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

விளம்பரம் இல்லை. ஒஸ்லோவில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்கிறவர் எழுதியிருந்தார். தான் ஐந்து வருடமாக இந்தப் பக்கத்தை வாசிப்பதாகவும், வெட்கத்தில் ஒருநாளும் எழுதியதில்லை என்றும், கிரிக்கெட் அவ்வளவு விளங்காது, ஆனால் வேலை இடைவேளையில் கௌரி அக்காவும் நடுவர் அண்ணாவும் கொளுவுவதை வாசிக்காமல் தேநீர் இறங்காது என்றும் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் நின்றதும், பிறகு கௌரி அக்கா மட்டும் வந்து மூன்று ஓவரோடு நின்றுபோனதும் தனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் காலத்தில் எதை நினைப்பதென்று தெரியவில்லை. ஏதும் நடக்கவில்லையென்றால் ஒரு வரி எழுதுங்கள் என்று முடித்திருந்தார்.

அன்ரி அப்போது வெளிக்கிட்டு நின்றார். அன்று ஆட்டம், ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் திரும்பி வந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து, அதை இரண்டு முறை வாசித்தார். எங்களை வேற ஆக்களும் வாசிச்சவையே என்றார். ஐஞ்சு வருஷமோ என்று பிறகு மெல்லத் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தெற்கே போகும் ரயில் எங்களுக்கு முந்திய ஸ்டேஷனான பம்பலப்பிட்டியைத் தாண்டிவிட்ட சத்தம் கேட்டது. எழுந்து கதவடிக்குப் போனவர், செருப்பைக் கொளுவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, எனக்கு இப்ப இருந்து எழுத நேரமில்லை. நீ ஒருக்கா எழுதிவிடு. ரெண்டு பேரும் நல்ல சுகம், இப்ப ஒரே ரீவியில பாக்கினம் எண்டு எழுது. அந்தப் பிள்ளையையும் வரேக்க வந்து எங்களோட இருந்து பாக்கச் சொல்லி எழுது. எந்த ஊர் எண்டு மட்டும் எழுதாத.”